இடி மழையை முன்கூட்டி அறிய முடியுமா?



சித்திரை மாதத்தில் நம் பாலோ வட்டாரத்தில் காலைப் பொழுது பளிச்சென்று விடிகிறது. பத்து மணிக்கே வெயில் சுட்டெரிக்கிறது. மாலை மூன்று, நான்கு மணி வாக்கில் வானம் கறுத்து, இடியும் மின்னலுமாக மழை கொட்டித் தீர்க்கிறது. பாலோவில் வாய்க்கால் நிரம்பி ஓடும் அதே வேளையில் பக்கத்துச் சாமெக்கில் ஒரு துளியும் விழாமல் இருப்பதுண்டு. "இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வானிலைத் துறையைக் குறை கூறுவோர் உண்டு. "மழை வரும் என்றார்கள், வரவே இல்லையே" என்போரும் உண்டு. இடி மழையைப் பற்றி எதை முன்கூட்டிச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் இரண்டு மனக்குறைகளும் நீங்கும். அதைவிட முக்கியமாக, உயிர்கள் காக்கப்படும்.

இடி மழை பிறக்கும் விதம்

இடி மழைக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். ஒன்று, காற்றில் ஈரம். இரண்டு, கீழே சூடான காற்றும் மேலே குளிர்ந்த காற்றும் அமைதல். மூன்று, கீழ்க்காற்றை மேலே தள்ளிவிட ஒரு தூண்டுதல். மேலே செல்லும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. நீராவி நீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. நம் நாட்டில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் நீர் உறையும் குளிர் நிலவுகிறது. இடி மேகமோ 15 கிலோமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் வளரக் கூடியது. மேகத்தின் மேற்பகுதியில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பெறுகின்றன. அந்த மின்னேற்றம் பாய்வதே மின்னல். மின்னலின் வெப்பத்தால் காற்று திடீரென விரிந்து எழுப்பும் ஓசையே இடி.

நம் ஊர் இருக்கும் இடம்

ஜொகூர் இரு கடல்களுக்கு இடைப்பட்ட நிலம். மேற்கே பத்து பகாட் பக்கம் மலாக்கா நீரிணை. கிழக்கே மெர்சிங் பக்கம் தென் சீனக் கடல். பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்நாட்டை நோக்கி வீசுகிறது. எதிரெதிரே வரும் இரு காற்றுகளும் சந்திக்கும் இடத்தில் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலே எழும்புகிறது. குளுவாங் மாவட்டம் இந்த இரு கரைகளுக்கும் நடுவே இருக்கிறது. பாலோவும் அதற்குள் அடக்கம். 1,010 மீட்டர் உயரமுள்ள பெலுமுட் மலையும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் காற்றை மேலும் உயரத் தள்ளுகின்றன.

வடகிழக்கு, தென்மேற்குப் பருவக்காற்றுகள் பலமாக வீசும் மாதங்களில் இந்தக் கடற்காற்றின் ஆட்டம் ஓரளவு அடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் வரும் பருவமாற்றக் காலத்தில் பெருங்காற்று ஓய்ந்திருக்கும். அப்போதுதான் மாலை இடி மழை மிகுதியாகிறது.

இரவில் நிலைமை தலைகீழாகிறது. சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் தரைக்காற்று கடலை நோக்கி வீசி, நீரிணையின் மேல் சந்திக்கிறது. அங்கே பிறக்கும் இடி மேகங்கள் சில நாட்களில் ஒரே வரிசையாகக் கூடிக் கிழக்கே நகர்ந்து, விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்குகின்றன. இதற்குச் "சுமத்ரா காற்று" என்று பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம். பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி சிங்கப்பூரின் தெங்காவில் இது மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாகப் பதிவாகியுள்ளது.

முன்னறிவிப்பின் மூன்று படிகள்

அடுப்பில் வைத்த பானையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கப் போகிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். முதல் குமிழி பானையின் எந்த இடத்தில் எழும் என்று சொல்ல முடியுமா? தனி இடி மேகம் என்பது அந்தக் குமிழி போன்றது. அதன் அகலம் சில கிலோமீட்டர். ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள். ஒரு மேகம் மழையாகப் பொழிந்து ஓயும்போது கீழிறங்கும் குளிர்காற்று, பக்கத்தில் மற்றொரு மேகத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. ஆகவே முன்னறிவிப்பு மூன்று படிகளாக வருகிறது.

முதற்படி, ஒரு நாள் முன்பு. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு, மேல்வானத்தின் வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றை அளக்கிறார்கள். கணினி அவற்றைக் கொண்டு கணக்கிடுகிறது. இதிலிருந்து "நாளை மாலை உட்பகுதிகளில் இடி மழை பெய்யலாம்" என்று மட்டுமே சொல்ல முடியும். "பெய்யலாம்" என்பது நழுவல் அன்று; அந்த நேரத்தில் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவே.

இரண்டாம் படி, சில மணி நேரத்திற்கு முன்பு. ஜப்பானின் ஹிமாவரி செயற்கைக்கோள் 10 நிமிடத்திற்கு ஒரு முறை நம் வானத்தைப் படமெடுக்கிறது. குளுவாங்கிலேயே வானிலை ரேடார் நிலையம் உள்ளது. மேகத்திலுள்ள மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மழை எங்கே, எவ்வளவு கனமாக இருக்கிறது என்று ரேடார் காட்டுகிறது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடி மழை நெருங்கும்போதோ, ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும்போதோ மலேசிய வானிலை ஆய்வுத் துறை "அமாரான் ரிபுட் பெத்திர்" என்னும் எச்சரிக்கையை வெளியிடுகிறது. ஒவ்வோர் எச்சரிக்கையும் ஆறு மணி நேரத்திற்கு மேற்படாது. "மைசுவாச்சா" செயலி மூலம் இதைக் கைத்தொலைபேசியிலேயே காணலாம். வரிசையாக நகர்ந்து வரும் சுமத்ரா காற்றை இவ்வாறு சில மணி நேரம் முன்பே பின்தொடர முடிகிறது. மாலையில் திடீரென முளைக்கும் மேகத்திற்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

தமிழகத்திலும் இதே நிலைதான். சென்னை, காரைக்கால் ரேடார்கள் கோடை இடி மழையைக் கண்காணிக்கின்றன. பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் மின்னலை எச்சரிக்க "தாமினி" என்னும் செயலியை உருவாக்கியுள்ளது. இவ்வளவு கருவிகள் இருந்தும், குறிப்பிட்ட ஒரு தெருவில் மின்னல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் படி, கடைசி அரை மணி நேரம். அது நம் கையில் இருக்கிறது.

கண்ணும் காதும் சொல்லும் எச்சரிக்கை

காலிப்பூப் போன்ற வெள்ளை மேகம் கோபுரமாக உயர்ந்தால் கவனிக்க வேண்டும். அதன் உச்சி தட்டையாகப் பரவினால் மேகம் முற்றிவிட்டது. புழுக்கத்தின் நடுவே சில்லென்ற காற்று திடீரென அடித்தால், மழை சில நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும்படி நம் பாட்டிமார் பழக்கினார்கள். அதோடு எண்ணிக்கையும் பழகுவோம். மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 விநாடி பிடிக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் நம் தலைக்கு மேலேயே இருக்கலாம். உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். மழை விட்டதும் திடலுக்கு ஓடும் பிள்ளைகளும், செம்பனைக் காட்டில் விட்ட வேலையைத் தொடரச் செல்லும் தொழிலாளர்களும் இதை மறக்கலாகாது.

மரத்தடி, பந்தல், கூடாரம், திறந்த கொட்டகை ஆகியவை மழைக்கு ஒதுங்க உதவுமே தவிர, மின்னலிலிருந்து காக்கமாட்டா. சுவர்களுடன் கூடிய கட்டடமும் கண்ணாடி ஏற்றிய காரும் பாதுகாப்பானவை. காரில் நம்மைக் காப்பது ரப்பர் சக்கரம் அன்று. சுற்றியுள்ள உலோகக் கூடு. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொட்டு முதலுதவி செய்யலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 999க்கு அழைக்க வேண்டும்.

கோபுரக் கலசமே இடிதாங்கி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உயரத்திலுள்ள உலோகம் மின்னலை ஏற்கலாம். ஆனால் அங்கிருந்து தரைக்குள் செல்லத் தடித்த கம்பி முறையாகப் பதிக்கப்படாவிட்டால் அது காப்பாகாது. முறையான இடிதாங்கியும் கட்டடத்தைத்தான் காக்கும். வெளிப்பிராகாரத்தில் நிற்பவர்களை அன்று.

விழாக் காலத்தில்

சித்ரா பௌர்ணமி போன்ற விழாக்கள் இந்தப் பருவத்திலேயே வருகின்றன. தீமிதியும் பால்குடமும் மாலை நான்கு, ஐந்து மணிக்கு அமைந்தால் அதுவே இடி மழையின் உச்ச நேரம். பக்தர்கள் திரண்டு நிற்கும்போது ஊர்வலத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்தப் பொறுப்பைத் தனி ஒருவர் தலையில் சுமத்தவும் கூடாது. "30 விநாடிக்குள் இடி கேட்டால் நிறுத்துவோம், ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரும் மண்டபத்திற்குள் செல்வோம், 30 நிமிடம் கழித்துத் தொடர்வோம்" என்று விழாக் கூட்டத்திலேயே முடிவு செய்து, வானத்தையும் எச்சரிக்கையையும் கவனிக்க ஒருவரை நியமித்துவிட்டால், அந்நேரத்தில் வாக்குவாதத்திற்கு இடமிராது. அரை மணி நேரம் தாமதித்தால் அம்மன் கோபிக்கமாட்டாள். தன் பிள்ளைகள் எல்லாரும் நலமாக வீடு திரும்புவதையே அவள் விரும்புவாள்.

மழை நமக்கு வரம். அது வரும் வழியை அறிந்து நடப்பது நம் கடமை. மாதம் மும்மாரி பொழியவும், மக்கள் நலமுற வாழவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக!