ஆயில் குறைந்தால் ஊற்றாதீர்கள், தேடுங்கள்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஸ்டியரிங் வேலை செய்கிறேன். சங்கிலியும் வயர் ரோப்பும் போட்ட பழைய ஸ்டியரிங்கில் வேலை பழகியவன், இப்போது பெரும்பாலும் ஹைட்ராலிக்தான் பார்க்கிறேன். வீலைச் சுற்றினால் அதன் பின்னால் இருக்கும் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் பைப் வழியாகப் படகின் பின்பகுதியான கடையாலுக்குப் போய் சிலிண்டர் ராடை நகர்த்த, ராடு டில்லரை நகர்த்த, சுக்கான் திரும்புகிறது. தள்ளிய அளவு ஆயில் இன்னொரு பைப் வழியாகப் பம்புக்கே திரும்பிவிடும். இந்தச் சுற்றுக்குள் ஆயில் எரிவதற்கு இடமே கிடையாது.

இதைத்தான் டிரைவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். “ஒவ்வொரு தொழிலுக்கும் ஆயில் ஊத்திட்டுத்தான்ணே போறோம், கரெக்டா பாத்துக்குறோம்” என்பார்கள். எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், அதற்கு ஊற்றுவது சரி. ஸ்டியரிங் குடிக்காது. அளவு குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆயில் வெளியே வரும் வழியில் காற்று உள்ளே போகும். காற்று அழுந்தும், ஆயில் அழுந்தாது. காற்று சேர்ந்த பைப்பில் நீங்கள் சுற்றுகிற சுற்று சுக்கானுக்குப் போய்ச் சேராமல் காற்றை அழுத்துவதிலேயே செலவாகிவிடும். துறைமுக வாயில் தாண்டும்போது குறுக்கலை அடித்தால், சுக்கான் திரும்பாத அந்த இடைவெளியே படகைக் கல்லில் கொண்டுபோய் வைத்துவிடும்.

காற்று இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பம்பின் மூடியைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். வீலை ஒரு கோடி வரை சுற்றி, நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள். மட்டம் கண்ணெதிரே இறங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. கையை விட்டதும் வீல் தானாகப் பின்னால் துள்ளினாலும் அதே அர்த்தம்தான். இன்னொரு பழக்கம்: ஸ்டியரிங் நல்ல நிலையில் இருக்கும்போதே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, வீல் ஹவுஸ் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். பம்புக்கும் சிலிண்டருக்கும் ஏற்ப இது படகுக்குப் படகு மாறும். எழுதியதைவிட ஒரு சுற்று கூடினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒழுகலைத் தேடும்போது விரலால் தடவாதீர்கள். கையால் சுற்றும் பம்பிலேயே சுமார் 70 பார் வரை அழுத்தம் ஏறும். ஊசித்துளையில் சீறும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். நான் ஜாயின்ட்டை வேஸ்ட் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுவேன். ஒருவர் வீலைக் கோடி வரை சுற்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் கடுகளவு ஈரம் கறுப்பாகத் தெரியும். ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தால் அந்தக் கடுகு ஒரு ரூபாய்க் காசளவு ஆகியிருக்கும். பம்ப் நட்டு, பைப் வளைவு, தடுப்பைத் துளைத்துப் போகும் இடம், சிலிண்டரின் இரு வாய் என்று வரிசையாகப் பாருங்கள். தடுப்பின் இரும்பில் உரசித் தேய்ந்த பைப்பைத்தான் நான் அதிகம் மாற்றியிருக்கிறேன். அங்கே ஒரு துண்டு ரப்பர் ஓஸைச் செருகிவிட்டால் போதும்.

இனி சிலிண்டர் ராடு. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனசு கொதிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி வேலை பார்க்கிறோம். பெயின்ட் அடிக்க வருகிறவர் கடையாலுக்குள் இறங்கி, கண்ணில் படும் இரும்பையெல்லாம் அடித்துவிடுகிறார், பளபளக்கும் ராடையும் சேர்த்து. காய்ந்த பெயின்ட்டோடு ராடு உள்ளே போய் வரும்போது சீலின் உதடு கிழிந்துவிடும். வெல்டிங் பொறி விழுந்த ராடும் அப்படியே. நல்ல சிலிண்டர்கள் மீன்பிடித்துக் கெட்டதைவிட, கரையில் நின்றபோது கெட்டது அதிகம். வேலை தொடங்கும் முன்பே ராடைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். வெல்டிங்கின் எர்த் கம்பியை சிலிண்டரிலோ டில்லரிலோ மாட்டவே விடாதீர்கள். தொழிலில் இருக்கும்போது ராடில் படியும் உப்பை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போடக்கூடாது.

வீல் இறுக்கமாக இருந்தால் உடனே பம்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு. முதலில், சிலிண்டரின் இரு பக்க ஆயிலையும் இணைக்கும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு டில்லரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் சுக்கான் தண்டில் இருக்கிறது: தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டை அதிகமாக முறுக்கியிருப்பார்கள், அல்லது தண்டு வளைந்திருக்கும். அதற்குப் பம்பை மாற்றிப் பணம் கரைப்பதில் பயனில்லை.

ஆயில் எது என்று பம்ப் செய்தவர் சொல்லியிருப்பதை மாற்றாதீர்கள். கைப்பம்புகள் பலவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 போன்ற மெல்லிய ஹைட்ராலிக் ஆயில் தேவை. எஞ்சின் ஆயில் ஊற்றினால் வீல் கனக்கும். பிரேக் ஆயில் ரப்பர் சீலை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுவதும் வடித்துவிட்டுப் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பவர் பம்ப் என்றால் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும், அவசரம் கூடாது. சிலிண்டர் நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் டியூப் மாட்டி, அதன் நுனியை ஆயில் உள்ள பாட்டிலில் முழுக வைக்கிறோம். மேலே இருப்பவர் வீலை நிதானமாக ஒரே பக்கம் சுற்ற வேண்டும்; பம்பில் ஆயில் ஒரு நொடிகூட வற்றக்கூடாது. வேகமாகச் சுற்றினால் குமிழி பொடிப்பொடியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு எடுப்பது கஷ்டம். குமிழி நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு மறுபக்கம். மறுநாள் காலையில் இன்னொரு முறை எடுத்தால்தான் எனக்குத் திருப்தி. ராத்திரியில் ஒளிந்திருந்த காற்று மேலே ஏறியிருக்கும்.

கடைசியாக, அவசர டில்லர். ஹைட்ராலிக் செத்தால் சுக்கான் தண்டின் தலையில் மாட்டித் திருப்பும் இரும்புப் பைப் அது. பைபாஸ் வால்வைத் திறக்காமல் அதை எத்தனை பேர் தள்ளினாலும் சுக்கான் அசையாது, சிலிண்டரில் நிற்கும் ஆயில் பிடித்துக்கொள்ளும். வால்வு எங்கே இருக்கிறது என்று டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இந்த வருஷம் படகை இறக்கியதும், துறைமுகத்துக்குள்ளேயே, பகலில், எல்லா ஆட்களையும் ஒவ்வொருவராக வால்வைத் திறந்து டில்லரைத் திருப்பச் சொல்லுங்கள். அந்தப் பைப்பை வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் அடியில் போடாமல், சுக்கான் அறை மூடிக்குப் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.