ஹாதிப் (ரலி) அவர்களின் கடிதமும் அந்நியர் பற்றிய நமது அச்சமும்



கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மக்களுக்கு 'சாகர் கவச்' என்ற பெயர் புதிதல்ல. 2008 நவம்பரில் கடல் வழியாக மும்பைக்குள் நுழைந்தவர்கள் நடத்திய கொடூரத் தாக்குதலுக்குப் பிறகு நம் கடற்கரையில் நடத்தப்படும் பாதுகாப்பு ஒத்திகை அது. போலீஸாரே ஊடுருவல்காரர்களைப் போலப் படகில் வருவார்கள். இன்னொரு பிரிவினர் அவர்களைப் பிடிக்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே கெடுபிடி சற்று அதிகம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லையைக் காப்பது அரசின் கடமை. ஒத்துழைப்பது நம் கடமை.

அந்நிய ஆபத்து என்பது இந்த மண்ணுக்குக் கற்பனையும் அல்ல. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. ராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டு கோட்டையையும் 1752 என்ற ஒரே ஆண்டில் பிடித்தான். வியாபாரத்துக்கு என்று வந்தவர்கள் பீரங்கியோடு உட்கார்ந்துகொண்ட வரலாறு அது.

ஆனால் இன்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஊடுருவல்', 'ஆபத்து' என்று யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்பு மையமாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து தங்கிய ரோஹிங்கியா குடும்பங்களைப் பற்றி. ஏறக்குறைய நூறு பேர். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைப்பவர்கள். 1982இல் பர்மா அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் உயிருக்குப் பயந்து பங்களாதேஷுக்கு ஓடினார்கள்.

பர்மா என்றதும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். ரங்கூனில் நம் தமிழ் முஸ்லிம்கள் கடை வைத்திருந்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். 'சோழியா' என்ற பெயரில் அங்கே இன்றும் ஒரு ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. 1938 கலவரத்தில் அவர்களைத்தான் 'அந்நியர்கள், எங்கள் நாட்டை மாற்ற வந்தவர்கள்' என்று அடித்தார்கள். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது, கையில் ஒன்றுமில்லாமல் தமிழர்கள் கப்பலேறி சென்னை வந்து இறங்கினார்கள். அவர்கள் இந்துவா முஸ்லிமா என்று பார்த்து யாரும் விரட்டவில்லை. பாரிமுனை பக்கம் போனால் பர்மா பஜாரில் அந்தக் கதையின் மிச்சத்தைப் பார்க்கலாம்.

சகோதரர்களே! வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் உண்மையாகவே தவறு செய்துவிட்டால்? இந்தக் கேள்விக்கு புகாரீயில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் பதில் தருகிறது.

ஹிஜ்ரி 8. மக்காவை நோக்கிப் படை புறப்படப் போகிறது. அது ரகசியம். அந்த நேரத்தில் ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் மக்காவாசிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால் ராணுவ ரகசியத்தை எதிரிக்குக் கசியவிட்ட குற்றம். நபி (ஸல்) அவர்கள் அலி (ரலி) உள்ளிட்டோரை அனுப்பி, ரவ்ழத்து காக் என்ற இடத்தில் அந்தக் கடிதத்தைக் கைப்பற்றினார்கள். அதாவது பாதுகாப்பு நடவடிக்கையில் ஒரு நிமிடத் தாமதமும் இல்லை.

பிறகு ஹாதிபை அழைத்து, ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டார்கள். முதலில் கேட்டார்கள்! அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அவர் குறைஷி அல்ல. மக்காவில் வெளியாளாக ஒட்டி வாழ்ந்தவர். மற்ற முஹாஜிர்களின் குடும்பங்களைக் காக்க அங்கே உறவினர்கள் இருந்தார்கள்; இவருக்கு யாருமில்லை. குறைஷிகளுக்கு ஓர் உதவி செய்துவைத்தால் என் குடும்பத்தை விட்டுவைப்பார்கள் என்று நினைத்தேன், மார்க்கத்தை விட்டு மாறவில்லை என்றார். உமர் (ரலி) அவர்கள் கொந்தளித்தார்கள்; தலையை வெட்ட அனுமதி கேட்டார்கள். நபியவர்களோ, அவர் உண்மையைச் சொன்னார் என்றும், பத்ரில் கலந்துகொண்டவர் என்றும் சொல்லி விட்டுவிட்டார்கள்.

ஹாதிப் முஹாஜிர். மதீனாவுக்குப் பிழைக்க வந்தவர். 'முஹாஜிர்களே இப்படித்தான், எல்லோரையும் ஊரை விட்டு அனுப்புங்கள்' என்று ஓர் அன்ஸாரியாவது சொன்னதாகப் படித்திருக்கிறோமா? இந்தச் சம்பவத்தை ஒட்டி இறங்கிய மும்தஹினா அத்தியாயமே, எதிரியோடு ரகசிய உறவு வைக்காதீர்கள் என்று கண்டித்துவிட்டு, 8ஆம் வசனத்தில் உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்கிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில்!

நம் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை அவசியம்தான். ஆனால் அதன் பின்னர், 1983 முதல் இங்கே தஞ்சமடைந்திருந்த இலங்கைத் தமிழர் எல்லோர் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. 'அகதி முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறவே 2021 ஆக வேண்டியிருந்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்களை விட்டதுபோல அவர்களையும் விட்டுவிட்டார்கள் என்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை.

அகதிகளை நாடு கடத்தக் கூடாதா என்று கேட்பார்கள். 2021 ஏப்ரலில் ஜம்மு ரோஹிங்கியாக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுக்கவில்லை; உரிய சட்ட நடைமுறைப்படியே செய்ய வேண்டும் என்றது. நமக்கு அது வருத்தமளிக்கும் உத்தரவுதான். ஆனாலும் உயிர்வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மைச் சந்தேகிக்கிறார்களே என்று வருந்தும் நாமே, மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கும் ஓ.எம்.ஆர். கட்டட வேலைகளுக்கும் வரும் பீகார், வங்காளத் தொழிலாளியை 'வடக்கன்' என்று எப்படி வாய் கூசாமல் சொல்கிறோம்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை இங்கு அனுப்பி விசாரிக்க நேர்ந்தது. அந்தப் பொய்யைப் பரப்பியவர்களும், வடக்கத்தியர் ஊரைப் பிடிக்கிறார்கள் என்று இங்கே பரப்புகிறவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவுபெறச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் ஃபார்வர்ட் பட்டனுக்கும் பொருந்தும்.

கடலில் சந்தேகப் படகைக் கண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் ஆவணங்களை முறையாக வாங்கி, காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்பு. ஆனால் ஆதார் கொடுத்த பிறகும் 'வங்காளிக்கு வீடில்லை' என்று கதவைச் சாத்தாதீர்கள். இன்று ஜும்ஆவிலும் பின் ஸஃப்பில் சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு நான்கைந்து பிள்ளைகள் நிற்பார்கள். நம் பயான் அவர்களுக்கு ஒரு வரியும் புரியாது. தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாமல், முஸாஃபஹா செய்து எந்த ஊர் என்று கேளுங்கள்.