அன்னஞ்சித் தக்காளி

பி.கே.எம்.-1 என்ற பெயரை விதைப் பாக்கெட்டில் நம்மில் பலர் பார்த்திருப்போம். ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பி.கே.எம். என்றால் நம்ம பெரியகுளம்தான்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலை நிலையம் தன் ரகங்களுக்கு வைக்கும் முத்திரை அது.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சியில் விளைந்த நாட்டுத் தக்காளியில் செயற்கையாகத் திடீர் மாற்றம் தூண்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்ததைத்தான் 1978-ல் பி.கே.எம்.-1 என்று வெளியிட்டார்கள். (அப்போது நம்ம ஊரெல்லாம் மதுரை மாவட்டம்.) 135 நாளில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்கிறது கணக்கு. விளைச்சலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பழம் லாரியில் தூரம் போனாலும் தாங்கும் என்பது. பழம் நசுங்கினால் நஷ்டம் விவசாயிக்குத்தானே! புளியிலும் இப்படித்தான். பெரியகுளம் பக்கத்து எண்டப்புளியின் மரத்திலிருந்து ஒரு ரகம் வந்தது. ஆக, ஊர்க்காரன் காப்பாற்றி வைத்த விதை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்தது 1989-ல் வந்த செடிமுருங்கை. அதுவரை போத்து நட்டு, மரமாகிக் காய்க்கும்வரை காத்திருந்தார்கள். இது விதை ஊன்றி ஆறே மாதத்தில் காய்த்தது. மரத்துக்கு வருஷம் சுமார் 220 காய். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூணடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துக் காய்க்கும். இன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் இதைப் பயிரிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள். இந்தத் தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. நல்ல பழத்தில் விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கலாம். கடை ஹைப்ரிட்டில் அது நடக்காது, வருஷா வருஷம் காசு. முருங்கையோ தேனீ வந்து கலக்கிற பயிர். பக்கத்தில் வேறு முருங்கை இருந்தால் எடுத்த விதை குணம் மாறிப்போகும்; நம்பகமான இடத்தில் வாங்குவதே மேல்.

விளைச்சல் கூடினால் விலை சரியும். இதை எந்த ரகமும் தீர்க்காது. தக்காளியைப் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் வயலிலேயே விட்ட வருஷங்கள் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இங்கேதான் நம்ம படிப்புக்கு வேலை இருக்கு. பழக்கூழ் எடுக்கும் சிறு இயந்திரம், கிராமத்துக்கு ஒரு குளிர்பதன அறை, முருங்கை இலையைப் பச்சை மாறாமல் காயவைக்கும் உலர்த்தி... கடைசி வருஷப் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையும் மெக்கானிக்கல் நண்பர்கள், ஒருநாள் பஸ் ஏறிப் பெரியகுளம் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.