பழைய மரப்படகுக்குக் காப்பீடு: கட்டுப்படியாகும் செலவில் எடுப்பது எப்படி?



குழுக் கடனில் மாடு வாங்கினால், காதில் வில்லை போட்டு உடனே இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். ஆனால் பழவேற்காடு ஏரியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் நமக்குச் சோறு போடும் மரப்படகை, “அது பழசு, அதுக்கு யாரு இன்ஷூரன்ஸ் தருவா?” என்று விட்டுவிடுகிறோம். புயலில் படகு போனால் வருமானம் நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

1. முதலில் ஆளுக்கு, பிறகு படகுக்கு

படகை மறுபடி செய்யலாம், ஆளைச் செய்ய முடியாது. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது தவிர, 2020-ல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கு 5 லட்சம் வரை விபத்துக் காப்பீடு கொண்டுவந்தார்கள். பிரீமியத்தை அரசே கட்டியது. இந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர் உள்ளதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

2. படகுக்கு என்ன கேட்க வேண்டும்?

யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கும் அரசுக் கம்பெனிகள். ஒன்றில் “முடியாது” என்றால் அடுத்ததில் கேளுங்கள். “முழு இழப்புக்கு மட்டும்” பாலிசி கேட்டால் பிரீமியம் குறையும். படகு மூழ்கியோ உடைந்தோ முழுசாகப் போனால்தான் இதில் பணம் வரும். சில்லறை ரிப்பேர் நம் செலவு.

ஒரு கணக்கு பார்ப்போம். படகை இன்று விற்றால் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,000 கேட்டால் பத்து வருடத்தில் படகு விலையையே கட்டிவிடுவோம். அப்படியானால் ஆளுக்குக் காப்பீடு எடுத்துவிட்டு, படகுக்காகக் குழுவில் மாதாமாதம் தனியாகச் சேமிப்பது மேல்.

3. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

படகின் வயது, எஞ்சின் உண்டா, எங்கே ஓட்டுகிறோம், எதற்கு ஓட்டுகிறோம் என்று எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். மீன்பிடிக்க என்று எழுதிய படகில் ஆட்களை ஏற்றக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்கள். நாலு காசு கூலிக்கு ஆசைப்பட்டால் உயிரும் போகும், காப்பீடும் கைகொடுக்காது.

4. எதற்குப் பணம் வராது?

பலகை மக்கியது, நாள்பட்ட தேய்மானம், எலி, பூச்சி அரித்தது, இதற்கெல்லாம் பணம் இல்லை. 1963-ம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதனால் வருடா வருடம் பலகை மாற்றி, இடுக்கில் பஞ்சு அடைக்கும்போது ரசீதையும் போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். “படகு நல்லாத்தான் இருந்தது” என்பதற்கு அதுதான் சாட்சி.

5. சேதம் வந்தால்

உடனே கம்பெனிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த படகைப் பிரிக்காதீர்கள். பணம் தர மறுத்தால் கம்பெனிக்கே முதலில் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் எத்தனை வீட்டில் படகு உள்ளது? பதிவுச் சான்று இருக்கிறதா?
• 20 ரூபாய் காப்பீட்டில் சேராதவர் யார் யார்?
• பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே கம்பெனியில் கேட்டால் பிரீமியம் குறையுமா? விசாரிக்க யார் போவது?

தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்குச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் போகும்போது நாம் சேர்ந்தே போவோம்.