போதை செய்ததா, ஆள் செய்தானா?

கேள்வி: டாக்டர், நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. 'கஞ்சா போதையில் வெறிச்செயல்' என்ற தலைப்பு இல்லாமல் இப்போதெல்லாம் பேப்பரே வருவதில்லை. போதைக்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவர்கள் உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்களா, அல்லது போலீஸ் சொல்வதைத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறோமா? போதையில் செய்ததாகச் சொன்னால் தண்டனை குறையும் என்கிறான் சட்டக் கல்லூரியில் படிக்கும் என் பேரன். அது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் தினமும் குடிக்கிற ஒருவரை அடிதடி வழக்கில் பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் சப்-ஜெயிலில், சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தி ரகளை செய்தாராம். 'கேஸிலிருந்து தப்பிக்க நடிக்கிறான்' என்று ஊரே பேசுகிறது. நடிப்பாக இருக்குமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, போலீஸ் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறோமா என்ற உங்கள் சந்தேகம் இந்தியாவில் 130 வருஷத்துக்கு முன்பே ஓர் அரசாங்கக் கமிஷனுக்கும் வந்தது. சந்தேகப்பட்டதோடு விடாமல் காகிதங்களைப் புரட்டிப் பதிலும் கண்டுபிடித்தார்கள். போதை ஆராய்ச்சியும் சட்டம் சார்ந்த மனநல மருத்துவமும் நம் நாட்டில் முதன்முதலாகக் கை கோத்த இடம் அது என்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1893-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கெய்ன் என்ற உறுப்பினர், தீவிரமான மதுவிலக்குக்காரர், வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதையும் அதனால் மக்களுக்கு விளையும் கேட்டையும் விசாரிக்க வேண்டும் என்று கிளப்பினார். அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த அதிகாரிகள், டாக்டர்கள் பலருக்கும் ஒரு திடமான நம்பிக்கை இருந்தது: பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் நிரம்புவதற்குக் கஞ்சாதான் பெரிய காரணம், கண்மண் தெரியாமல் வெட்டிச் சாய்க்கும் கொலைகளுக்கும் அதுவே காரணம். ஆஸ்பத்திரிகளின் வருடாந்திர அறிக்கையில் இருந்த எண்களும் அதற்கு ஒத்துப்போயின. இந்திய அரசு விசாரணையை நாடு முழுவதற்கும் விரித்து, மேக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷனை நியமித்தது. அவர்களில் மூன்று பேர் இந்தியர்கள். சென்னை மாகாணம் உட்பட எல்லா மாகாணங்களிலுமாக 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, 1894-ல் ஏழு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார்கள்.

சாட்சியம் வாங்குவதை எந்தக் கமிஷனும் செய்யும். இவர்கள் அதற்கு மேலே ஒன்று செய்தார்கள். 1892-ம் வருஷம் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 1,344 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, கஞ்சாவால் பைத்தியம் என்று எழுதப்பட்டிருந்த 222 பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப விசாரித்தார்கள். ஆளின் ஊர் எது, உறவுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா, கஞ்சா பழக்கம் முதலில் வந்ததா நோய் முதலில் வந்ததா என்றெல்லாம் தோண்டினார்கள். கடைசியில் தேறியது 98 பேர். அதிலும் சிலருக்குக் கஞ்சாவோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன.

பாக்கிப் பேர் எப்படி அந்தக் கணக்கில் வந்தார்கள்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பியவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை. தெருவில் திரிந்த ஆளைப் பிடித்து வந்த போலீஸ்காரர். பிடிபட்டவன் ஒரு பரதேசியாகவோ பக்கீராகவோ இருப்பான், சொந்த பந்தம் தெரியாது, பேச்சும் கோர்வையாக வராது. கட்டத்தைக் காலியாக விட்டால் மேலதிகாரி கேள்வி கேட்பார். 'கஞ்சா' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. போலீஸ் எழுதியதை மாஜிஸ்திரேட் ஏற்றார், மாஜிஸ்திரேட் எழுதியதை டாக்டர் பதிவேட்டில் ஏற்றினார், டாக்டரின் பதிவேடு அரசாங்கத்தின் புள்ளிவிவரம் ஆனது. அந்தப் புள்ளிவிவரத்தைப் படித்த அடுத்த போலீஸ்காரர் அடுத்த பரதேசிக்கும் கஞ்சா என்றே எழுதினார்.

கொலைகள் விஷயத்திலும் இதே கதைதான். சாட்சிகள் நினைவிலிருந்து சொன்ன வழக்குகளின் கோர்ட் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்தால், பலவற்றில் சாட்சி சொன்னதற்கும் ஆவணத்தில் இருந்ததற்கும் பொருந்தவில்லை. கஞ்சாவுக்கும் குற்றங்களுக்கும் உள்ள தொடர்பு மிக மிகக் குறைவு என்று கமிஷன் முடிவு கட்டியது. கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்ற ராணுவ மருத்துவர் ஒரு குரங்குக்கு மாதக்கணக்கில் கஞ்சாப் புகை கொடுத்து, பிறகு அதன் மூளையை அறுத்துப் பார்த்ததும் இந்த விசாரணைக்காகத்தான். மூளையில் சொல்லும்படி கேடு எதுவும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, கஞ்சாவுக்கு 1894-லேயே நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. முதலாவது, கஞ்சா வரியால் அன்றைய அரசுக்கு நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது, அளவு மீறினால், அதுவும் ஏற்கெனவே மனம் பலவீனமானவர்களுக்கு, அது கெடுதல்தான் என்று அந்தக் கமிஷனே சொல்லியிருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பதிவு செய்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1987-ல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைவிட ஸ்கிஸோஃப்ரினியா என்ற மனநோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றே காட்டுகின்றன. ஆக, கஞ்சாவால் மனநோய் வரலாம். ஆனால் பிடிபட்டவனின் பையில் கஞ்சா இருந்தது என்பதாலேயே அவன் செய்த கொலைக்குக் கஞ்சா காரணம் ஆகிவிடாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். பேப்பர் தலைப்பில் அந்த நிரூபணம் இருப்பதில்லை.

இனி உங்கள் பேரனுக்கு. தானாகக் குடித்த போதை குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது என்பது 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86-ம் பிரிவுகளிலேயே இருக்கிறது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24. ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு விரோதமாகவோ போதைப்பொருளைக் கொடுத்து, அதனால் அவர் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு என்றோ அறியாத நிலைக்குப் போயிருந்தால் மட்டுமே முழு விலக்கு.

இதில் பேரன் அவசியம் படிக்க வேண்டிய தீர்ப்பு 1956-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பாஸ்தேவ் வழக்கு. எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி என்.சந்திரசேகர ஐயர். பெப்சு என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட பட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களின் மாநிலத்தில் ஒரு கல்யாண வீடு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நன்றாகக் குடித்திருந்த ஓய்வு பெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், பதினைந்து பதினாறு வயதுப் பையனைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லியிருக்கிறார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். பையன் செத்துப்போனான். நல்ல போதை, முன்பகையும் இல்லை, அதனால் இது கொலை ஆகாது என்று வாதாடினார்கள். நீதிமன்றம் அவருடைய நடத்தையைப் பார்த்தது. அவர் தள்ளாடியிருக்கிறார், சில சமயம் உளறியும் இருக்கிறார். ஆனால் தானாக நடந்தார், பேசினார், சுட்டதும் தப்பி ஓடப் பார்த்தார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். அறிவு முழுக்க அழிந்தவன் ஓடவும் மாட்டான், மன்னிப்பும் கேட்க மாட்டான். கொலைக் குற்றம் உறுதியானது. ஆனாலும் பேரன் சொல்வதில் கால் பங்கு உண்மை உண்டு: போதையையும் முன்திட்டம் இல்லாததையும் மனதில் வைத்துத்தான் கீழ்க்கோர்ட் அவருக்குத் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது. குற்றம் குறையவில்லை, தண்டனையின் அளவு குறைந்தது. அதுவும் நீதிபதியின் தயவு, குற்றவாளியின் உரிமை கிடையாது.

போதை வேறு, போதைப் பழக்கத்தால் வந்த மனநோய் வேறு. இந்தப் பிரிவினையைச் சட்டத்தில் தெளிவாக வைத்தது 1881-ல் இங்கிலாந்தில் நீதிபதி ஸ்டீபன் விசாரித்த டேவிஸ் வழக்கு. குடியால் வந்த டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற பிதற்றல் நோயில் இருந்தபோது ஒருவன் கொலை முயற்சி செய்திருந்தான். குடித்தது அவன் குற்றமாகவே இருக்கட்டும், அந்தக் கணத்தில் அவன் குடிவெறியில் இல்லை, நோயில் இருந்தான். ஆகவே சித்தசுவாதீனம் இல்லாதவனுக்கு உள்ள சட்டமே இவனுக்கும் பொருந்தும் என்றார் நீதிபதி. இந்தியாவில் அது பழைய 84-ம் பிரிவு, இப்போது 22.

உங்கள் தெருக்காரர் விஷயத்துக்கு இந்த டெலிரியம் ட்ரெமன்ஸ்தான் பதில். 1813-ல் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். ஆனால் அது குடியின் நஞ்சால் வருகிறதா, சத்துக் குறைவால் வருகிறதா, குடியைத் திடீரென்று நிறுத்துவதால் வருகிறதா என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை நடந்தது. அதைத் தீர்த்தது ஒரு சிறைச்சாலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில், போதைக்கு அடிமையான கைதிகளுக்காக மத்திய அரசு 1935-ல் பண்ணையோடு கூடிய பெரிய சிறை மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. அங்கே ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவரின் குழு, முன்பு மார்ஃபின் பழக்கம் இருந்த பத்துப் பேரைச் சேர்த்து, நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே தினமும் சாராயம் கொடுத்தது. ஆறு பேர் 48 முதல் 87 நாள் வரை குடித்தார்கள். பிறகு ஒரே நாளில் நிறுத்தினார்கள். நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது, பிதற்றல் என்று வரிசையாக வந்தன. சத்துக் குறைவு காரணமில்லை, நிறுத்தியதுதான் காரணம் என்பது 1955-ல் இப்படி நிலைநாட்டப்பட்டது.

இன்று எந்த ஜி.எச்.சிலும் குடிநோயாளிக்குக் கொடுக்கும் சிகிச்சையில் இந்த அறிவு கலந்திருக்கிறது. ஆனால் அதே லெக்ஸிங்டனில் ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்த கைதிகளுக்கு அவர்களை அடிமையாக்கிய போதைப்பொருளையே கூலியாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், எல்.எஸ்.டி. போன்றவற்றையும் அவர்கள் மேல் சோதித்தார்கள் என்பதும் 1975-ல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளியே வந்து நாறியது. அடுத்த வருஷமே மத்தியச் சிறைகளில் அத்தகைய ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. போதைக்கு ஏங்குகிறவனிடம் போதையைக் காட்டி வாங்கிய சம்மதத்தை நான் சம்மதம் என்று ஏற்க மாட்டேன்.

உங்கள் தெருக்காரர் நடித்தாரா? நேரில் பார்க்காமல் சொல்வது தர்மமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு அப்படியே பொருந்துகிறது. தினமும் குடிப்பவர், கைதானதோடு குடி நின்றது, மூன்றாம் நாள் பூச்சி ஊர்கிறது என்கிறார். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில்தான் இது வரும், இரவில் மோசமாகும், கை உதறும், வேர்வை ஊற்றும், நாடி தறிகெட்டு ஓடும், இன்று என்ன கிழமை, இருப்பது எந்த இடம் என்று தெரியாது. பூச்சி தெரிகிறது என்று யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். நாடித் துடிப்பை 130-க்கு ஏற்றி நடிக்க யாராலும் முடியாது. அதனால்தான் நாங்கள் கதையைக் கேட்பதற்கு முன் மணிக்கட்டைப் பிடிக்கிறோம்.

இன்னொன்றையும் பேரனிடம் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வந்த இந்த நோய் முதல் நாள் நடந்த அடிதடிக்கு விலக்கு ஆகாது. குற்றம் நடந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்பதைத்தான் கோர்ட் கேட்கும். ஆனால் அந்த நிலையில் அவரிடம் வாங்கிய வாக்குமூலம் எதுவும் இருந்தால், அதன் மதிப்பை அவருடைய வக்கீல் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. கைதிக்கும் சிகிச்சை உரிமை உண்டு. டெலிரியம் ட்ரெமன்ஸுக்குச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால் ஆள் செத்துப்போகலாம். நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். ஆகவே, தினமும் குடிப்பவர் யாராவது கைதானால், வெட்கப்படாமல் அன்றைக்கே மாஜிஸ்திரேட்டிடமும் சிறை மருத்துவரிடமும், 'இவர் தினமும் குடிப்பவர், கடைசியாக இன்ன நேரத்தில் குடித்தார்' என்று வீட்டார் எழுதிக் கொடுங்கள். வெளியே இருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான இலவசத் தொலைபேசி எண் 14446.