கேட்கக் கூடாத காதில் கேட்கும் ஒலி

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு, காதுக்கு ஓர் எண்ணாக ஒரே நேரத்தில் இரண்டு எண்களை ஒலிக்கவிட்டு, எதைப் பிடிக்கிறார்கள் என்று சோதித்துவருகிறேன். இடது காதுக்கான ஒலி வலது காதுக்குக் கசிந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. இடதில் மட்டும் ஒலி போகும்போது, "ஏனுங்க, இந்தப் பக்கமும் சன்னமா கேக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

சாதாரண 3.5 மி.மீ. ஜாக்கில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே கிரவுண்ட்தான். அந்தப் பொது வழியில் 0.3 ஓம் தடை இருந்தாலே போதும். 32 ஓம் ஹெட்போனில் ஒலி 40 டெசிபல் மட்டுமே குறைந்து மறுபக்கம் தாவிவிடும். 80 டெசிபல் கொடுத்தால் மறுகாதுக்கு 40 போகும். அமைதியான அறையில் நல்ல காதுக்கு அது தெளிவாகவே கேட்கும். 10 ஓம் இயர்போனில் குறைவு 30 டெசிபல்தான். 300 ஓம் என்றால் 60 கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரும் தேய்ந்த சாக்கெட்டும் இந்தத் தடையைக் கூட்டும். இரண்டையும் நான் பயன்படுத்துவதில்லை.

அளந்து பார்ப்பது சுலபம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒயர் முடியும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு 33 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். இடதில் 1000 ஹெர்ட்ஸ் கொடுத்து, வலது ரெசிஸ்டரில் என்ன வருகிறது என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். இடது ரெசிஸ்டரை எடுத்ததும் கசிவு மறைந்தால் குற்றவாளி பொதுக் கிரவுண்ட். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் ஏற ஏறக் கசிவும் ஏறினால் ஒயர்களுக்கு இடையிலான கபாசிடன்ஸ். இரண்டும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் மோனோ, ஸ்பேஷியல் சவுண்ட் போன்ற அமைப்புகளை அணையுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பே நல்லது.

பொதுக் கிரவுண்டுக்கு வைத்தியம், ஆம்ப்ளிஃபயர் வரை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஒயர். டிடிஎச்-39 போன்ற ஆடியோமீட்டர் ஹெட்போன்கள் பக்கத்துக்கு ஒரு ஜாக்கோடு வருவதை நான் பெரிதும் மதிக்கிறேன். சென்ஹைசர் எச்டி 650-இல் ஒயர் இரு பக்கமும் தனியாகப் போவதால் மாற்றிப் பற்றவைப்பது எளிது.

ஒயரைச் சரிசெய்தாலும் மண்டையோடு இருக்கிறது. காதின் மேல் அமரும் ஹெட்போனில் சுமார் 40 டெசிபல் வித்தியாசத்திலேயே ஒலி எலும்பு வழியாக மறுகாதை எட்டக்கூடும். அங்கே ஒயர் கசிவை மூல ஒலியைவிட 80 டெசிபல் கீழே கொண்டுபோகப் பாடுபடுவது வீண். காதுக்குள் நுரை அடைக்கும் இயர்போனில் இந்த இடைவெளி இன்னும் கூடும். உழைப்பை அங்கே போடுங்கள்.

2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது. ஒரு காது போன தொழிலாளிக்குக் கசிவுள்ள ஹெட்போனை மாட்டினால், போன காதுக்காக நல்ல காது பதில் சொல்லிவிடும். அவருடைய இழப்பு ஏட்டில் ஏறாது. அதனால் ஒவ்வொரு முகாமுக்கும் கிளம்பும் முன் அந்த ரெசிஸ்டர் சோதனையைச் செய்து, அளவைத் தேதியோடு எழுதிவைக்கிறேன்.