சொந்தக் கையால் எழும் வீடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அரசு இலவசமாகக் கட்டிக் கொடுக்கிறது"

புதுவையில் அரசின் கல்வீடு திட்டங்களில் வீடு கட்டும் குடும்பங்களைப் பற்றி அதிகம் கேட்கும் பேச்சு இது. காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டமானாலும், 2015-ல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் பயனாளி தாமே கட்டிக்கொள்ளும் பிரிவானாலும், அரசு தருவது மானியம்தான். 2015 திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம் ரூபாயாக இருந்தது. அதுவும் தவணை தவணையாக வரும். வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியதைப் படமெடுத்துப் பதிந்த பிறகே அடுத்த தவணை. மனை குடும்பத்துடையதாக இருக்க வேண்டும். மீதிச் செலவைக் கடனும் அடகு வைத்த நகையும் வீட்டாரின் உழைப்பும் தாங்குகின்றன. கடைக்கால் தோண்டுவதும் மணலும் ஜல்லியும் சுமப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

"வீட்டுக்காரர் கைவைத்தால் கட்டடம் உறுதியாக இருக்காது"

கம்பி கட்டுவது, சென்ட்ரிங், மின்சார வேலை ஆகியவற்றில் இது சரி. அங்கே தேர்ந்த கை வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஆனால் கான்கிரீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை ஒன்றுக்கு எந்தத் தேர்ச்சியும் வேண்டாம், பொறுப்பு மட்டும் போதும்: தண்ணீர் ஊற்றுவது. சிமெண்டும் நீரும் சேர்ந்து இறுகும் வேதிவினை பல நாள் நடக்கிறது. இடையில் காய்ந்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. சாம்பல் கலந்த சிமெண்டானாலும், வெயில் கடுமையானாலும் 10 நாள். ஒப்பந்தக்காரரின் ஆள்கள் தளம் போட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், தூணில் சுற்றிய சாக்கை நனைப்பதும் அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் செய்தால்தான் ஒழுங்காக நடக்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு இது இன்னும் முக்கியம். சரியாக ஈரம் காணாத கான்கிரீட்டுக்குள் உப்பு எளிதில் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு தளம் பெயர்ந்து விழும்.

"இது அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த யோசனை"

1976-ல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி, வீட்டாரே உழைத்துத் தங்கள் வீட்டைக் கட்டும் இந்த முறையைப் பரப்பியது உண்மை. 1983-ல் கம்மத்தில் அதன் இந்தியப் பணி தொடங்கியது. ஆனால் அதற்கு வெகு முன்பே, புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலேயே, பிரான்சில் 'கஸ்தோர்' இயக்கம் நடந்தது. போருக்குப் பின் அங்கே கடும் வீட்டுப் பஞ்சம். 1948-ல் போர்தோ நகரை ஒட்டிய பெஸ்ஸாக்கில் தொழிலாளர் குடும்பங்கள் கூடி, 150 வீடுகளைத் தங்கள் ஓய்வு நேரத்தில் கட்ட இறங்கின. கடன் வாங்க முன்பணம் கட்ட வேண்டும். அவர்களிடம் சேமிப்பு இல்லை. செய்யப்போகும் வேலையையே முன்பணமாக ஏற்கக் கேட்டார்கள், அது ஏற்கப்பட்டது. வியர்வைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் இடம் கிடைத்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

"சொந்த உழைப்புக்குச் செலவில்லை"

இருப்பதிலேயே அதிகத் தீங்கு செய்யும் நம்பிக்கை இது. சித்தாள் வேலைக்கும் மீன் விற்கவும் போகிறவர் தன் வீட்டுக்கு மண் சுமக்கும் நாளில் கூலியோ வரும்படியோ இல்லை. நாட்டின் ஊர்ப்புறங்களுக்கு 2016-ல் வந்த வீட்டுத் திட்டம் இதைப் புரிந்துகொண்டு, மானியத்தோடு வேலை உறுதித் திட்டத்தின் வழியே 90 நாள் கூலியையும் சேர்த்தது. நகர்ப்புறத் திட்டத்தில் அப்படி ஒரு பகுதியே இல்லை. வடக்கு இலங்கையில் 2012-ல் இந்திய உதவியோடு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தந்து மக்களையே கட்டச் சொன்னபோது, கணவரைப் போரில் இழந்த பெண்கள் தனியாகத் தாங்கிய குடும்பங்களில் சுமக்க ஆளில்லை. கூலிக்கு ஆள் வைத்தவர்கள் கடனில் விழுந்தார்கள்.

புதுவை நகரத்திலும் மானியக் கணக்கில் வீட்டாரின் வேலை நாள்களை எழுதிக் கூலி தர வேண்டும். முதியவரோ தனித்து வாழும் பெண்ணோ என்றால், அந்த நாள்களுக்குச் சித்தாள் கூலியை முதல் தவணையோடு சேர்த்தே கொடுக்கலாம்.